நிறுத்திய வண்டிக்கும் பொறுப்பு உண்டு

வீட்டு வாசலில் நிற்கும் காரை யாரோ இடித்துவிடுகிறார்கள். கூட்டம் கூடுகிறது. இரண்டாயிரமோ மூவாயிரமோ வாங்கிக்கொண்டு உரிமையாளர் சமாதானமாகிறார். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் பம்பர், விளக்கு, பெயின்ட் என்று எஸ்டிமேட் முப்பதாயிரத்தைத் தொட்டதும்தான் இன்சூரன்ஸ் கம்பெனி ஞாபகம் வருகிறது. கையில் ஒரு படம் கிடையாது, இடித்த வண்டியின் எண்ணும் கிடையாது. எத்தனை பேர்தான் இப்படி ஏமாறுவார்கள்?

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால் உங்கள் காரின் சேதத்துக்கு உங்கள் கம்பெனி ஒரு பைசா தராது. ஓன் டேமேஜும் சேர்ந்த பாலிசி வேண்டும். அது இல்லாதவர்களுக்கு ஒரே வழி, இடித்தவரின் தேர்டு பார்ட்டி பாலிசி. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். சென்னையில் அது சிறு வழக்குகள் நீதிமன்றம். விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் போட வேண்டும்.

ஆகவே வண்டியை நகர்த்தும் முன் படம் எடுங்கள். இரண்டு வண்டிகளின் நம்பர் பிளேட்டும், வண்டி நின்ற இடமும் ஒரே படத்தில் தெரியட்டும். பிறகு காவல் நிலையம். தேதி, நேரம், இடம், இரு வண்டி எண்கள், என்னென்ன உடைந்தது என எல்லாம் எழுதிய புகாரைக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். “இன்சூரன்ஸ்தான் இருக்கே, எதுக்கு சார் கம்ப்ளெயின்ட்?” என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அது அவர்கள் வேலையைக் குறைக்கும் பேச்சு. ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவிடாதீர்கள்.

கிளெய்மை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஓடாமல் நிற்கும் வண்டியும் சட்டப்படி பயன்பாட்டில் இருப்பதாகவே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பின்னால் பார்க்காமல் நீங்கள் கார் கதவைத் திறந்ததால் பைக்கில் வந்தவர் விழுந்தாலும், இரவில் விளக்கில்லாமல் ரோட்டோரம் விட்ட லாரியில் யாராவது மோதினாலும் இழப்பீடு கேட்டு உங்கள் மேல் வழக்கு வரும். அந்த நேரத்தில் பாலிசி காலாவதியாகியிருந்தால், தீர்ப்பாயம் சொல்லும் தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டும். வீடு, நிலம் வரை ஜப்திக்கு வரலாம்.

“வண்டி சும்மாதானே நிக்குது” என்று புதுப்பிக்காமல் விட்டவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். 90 நாள் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். உங்கள் பாலிசி என்றைக்கு முடிகிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.