செவித்துணைக் கருவிகளை ஈரத்திலிருந்து பாதுகாத்தல்

செவித்துணைக் கருவிகளை ஈரத்திலிருந்து பாதுகாத்தல் என்பது, செவித்திறன் குறைந்தோர் அணியும் கருவிகள் நீர், வியர்வை, காற்றிலுள்ள ஈரப்பதம் ஆகியவற்றால் பழுதடையாமல் இருக்க மேற்கொள்ளப்படும் நடைமுறைகளைக் குறிக்கும். பேச்சு வழக்கில் காது மிஷின் எனப்படும் இக்கருவிகள் பழுதாவதற்கான முக்கியக் காரணங்களுள் ஈரமும் காதுக் குறும்பியும் அடங்கும். கருவி தண்ணீரில் விழுவது எப்போதாவது நிகழ்வது. வியர்வையும் காதின் உள் ஈரமும் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்வதோ எல்லோருக்கும் நிகழ்வது. எனவே கருவியை நனையாமல் காப்பதோடு, ஒவ்வொரு இரவும் அதை உலர்த்துவதும் பாதுகாப்பின் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

கருவி பழுதானால் அதைச் சீர்செய்து திரும்பப் பெறப் பல நாட்கள் ஆகலாம். பேச்சும் மொழியும் கற்கும் வயதிலுள்ள குழந்தைக்கு அந்த நாட்கள் கேட்டுப் பழகும் வாய்ப்பை இழந்த நாட்களாகும். தனியாக வாழும் முதியோருக்கு வாயில் மணி, தொலைபேசி, வாகன ஒலி ஆகியவை கேட்காமல் போகும்.

ஈரம் சேரும் வழிகள்

செவித்துணைக் கருவி உடலோடு ஒட்டியிருப்பதால் ஈரத்தின் முதன்மையான மூலம் அணிபவரின் உடலே ஆகும். காதின் பின்புறம் அணியும் கருவிகள் தோலுக்கும் தலைமுடிக்கும் இடையே இருப்பதால் வியர்வையில் நனைகின்றன. தலைக்கவசம் அணிந்து வண்டி ஓட்டுவோர், வெயிலில் உழைப்போர், விளையாடுவோர் ஆகியோருக்கு இது கூடுதலாக நிகழ்கிறது. காதின் உள்ளே பொருத்தும் கருவிகள் செவிக்குழாயின் வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றிலேயே நாள் முழுவதும் இருக்கின்றன. காதில் சீழ் வடிபவர்களுக்கு அந்த நீர்மமும் கருவிக்குள் புகக்கூடும்.

மற்றொரு வழி ஆவி குளிர்ந்து நீராதல் ஆகும். காதின் பின்புறக் கருவியிலிருந்து காது அச்சுக்கு ஒலி ஒரு மெல்லிய குழாய் வழியே செல்கிறது. குளிரூட்டப்பட்ட அறையில் இக்குழாயின் வெளிப்புறம் குளிர்ந்திருக்கும். காதிலிருந்து வரும் காற்றோ வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். இதனால் குழாயின் உட்சுவரில் நீர்த்துளிகள் படிகின்றன. ஒரு சிறு துளி குழாயை அடைத்தாலே ஒலி நின்றுவிடும். கருவியில் எந்தப் பழுதும் இல்லாமலேயே அது வேலை செய்யவில்லை என்று தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் மிகுந்திருக்கும். அங்கே கருவியைக் கழற்றி மேசைமேல் வைப்பதால் மட்டும் அது நன்றாக உலர்ந்துவிடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது மேலும் கடினமாகிறது.

பாதிப்பின் தன்மை

ஒலியை உள்வாங்கும் ஒலிவாங்கியும், பெருக்கிய ஒலியைக் காதுக்குள் விடும் ரிசீவரும் திறப்பு உடையவை. ஒலி நுழையும் வழியிலேயே ஈரமும் நுழைகிறது. ஒலிவாங்கியின் மெல்லிய சவ்வில் ஈரம் படிந்தால் ஒலி மங்கும் அல்லது கரகரக்கும். குறும்பியும் ஈரமும் சேர்ந்து ரிசீவரின் வடிகட்டியை அடைக்கும்.

வியர்வை வெறும் நீரன்று; அதில் உப்பு உள்ளது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். மின்கலத்தைத் தொடும் உலோகத் தகடுகளில் பச்சை அல்லது வெள்ளைப் படிவு தோன்றுவது அரிப்பின் அடையாளம். ஈரம் காய்ந்த பின்னும் உப்பு உள்ளேயே தங்கி, மீண்டும் ஈரம் பட்டதும் அரிப்பைத் தொடரும்.

மின்கலமும் ஈரமும்

மாற்றத்தக்க மின்கலம் கொண்ட கருவிகளில் பெரும்பாலும் துத்தநாக-காற்று மின்கலங்களே பயன்படுகின்றன. இவை காற்றிலுள்ள ஆக்சிசனை எடுத்துக்கொண்டு மின்சாரம் தருபவை. மேலே ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்ததும் சிறு துளைகள் வழியே காற்று உட்புகுந்து மின்கலம் செயல்படத் தொடங்குகிறது. ஆகவே இந்த மின்கலம் உள்ள கருவியைக் காற்றுப் புகாதபடி முற்றிலும் மூடிவிட முடியாது. நீரைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் சவ்வுகள் சில கருவிகளில் இதற்காகப் பொருத்தப்படுகின்றன.

மின்கலத்தின் துளைகளை நீர்ப்படலம் மூடினால் ஆக்சிசன் கிடைக்காமல் கருவி நின்றுவிடும். மிக ஈரமான காற்றில் மின்கலம் ஈரத்தை உறிஞ்சும். மிக உலர்ந்த காற்றில் அதன் உள்நீர்மம் வறண்டுபோகும். இதனால் உலர்த்தும் பெட்டியில் வைக்கும் முன் மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும்.

மீண்டும் மின்னேற்றும் லித்தியம் மின்கலக் கருவிகளுக்குக் காற்றுத் துளை தேவையில்லை. ஆனால் மின்னேற்றும் தொடுமுனைகள் ஈரமாக இருக்கும்போது மின்னேற்றியில் வைத்தால் அவை அரிக்கப்படும். துடைத்து உலர்ந்த பின்பே வைக்க வேண்டும்.

அறிகுறிகள்

கருவிக்குள் ஈரம் புகுந்திருப்பதைக் காட்டும் பொதுவான அறிகுறிகள்:

- ஒலி விட்டுவிட்டுக் கேட்டல்
- கரகரப்பு அல்லது ஒலிச்சிதைவு
- வியர்த்த பின் நின்றுபோய், உலர்ந்த பின் மீண்டும் இயங்குதல்
- மின்கலம் வழக்கத்தைவிட விரைவில் தீர்தல்
- குழாயினுள் நீர்த்துளிகள் தென்படுதல்

சிறு குழந்தைகளால் இந்த மாற்றங்களைச் சொல்ல இயலாது. எனவே பெற்றோர் ஒவ்வொரு நாள் காலையும் கேட்புக் குழாயைக் கருவியில் இணைத்து ஒலியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

நாள்தோறும் உலர்த்துதல்

இரவில் கருவியைக் கழற்றியதும் உலர்ந்த மென்துணியால் துடைத்து, மின்கலத்தை எடுத்து, மின்கலக் கதவைத் திறந்தபடி உலர்த்தும் குப்பியில் வைக்க வேண்டும். குப்பியின் மூடி இறுக்கமாக இருத்தல் அவசியம். இல்லாவிட்டால் உலர்த்தி அறைக்காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

குப்பிகளில் பொதுவாக சிலிக்கா ஜெல் மணிகள் இருக்கும். இவை நுண்துளைகள் நிறைந்தவை. துளைகளின் பரப்பில் நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நிறங்காட்டும் மணிகள் ஈரம் நிறைந்ததும் நிறம் மாறும். ஆரஞ்சு மணிகள் பச்சையாகவோ நிறமற்றோ மாறும். நீல மணிகள் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறிய மணிகளால் பயனில்லை. அவற்றை மாற்ற வேண்டும், அல்லது உறையில் உள்ள குறிப்பின்படி சூடாக்கி ஈரத்தை நீக்க வேண்டும். நீல நிறம் தரும் கோபால்ட் குளோரைடு நச்சுத்தன்மை உடையது என்பதால் அத்தகைய மணிகளைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

மின் உலர்த்திகள் இளஞ்சூட்டாலும் காற்றோட்டத்தாலும் ஈரத்தை வெளியேற்றுகின்றன. சிலவற்றில் கிருமி நீக்கப் புற ஊதா விளக்கும் உண்டு. மிகுதியாக வியர்ப்பவர்களுக்கும் ஈரமான ஊர்களில் வாழ்பவர்களுக்கும் இவை ஏற்றவை.

குழாயில் தேங்கிய துளிகளை வெளியேற்ற ரப்பர் ஊதுகுமிழ் பயன்படுகிறது. முதலில் குழாயையும் காது அச்சையும் கருவியிலிருந்து பிரித்துவிட்டுப் பின்பே ஊத வேண்டும். காது அச்சை மட்டும் தனியே கழற்றி மென்சோப்பு நீரில் கழுவி, முற்றிலும் உலர்ந்த பின் மீண்டும் இணைக்கலாம். கருவியை ஒருபோதும் கழுவக்கூடாது. பகலில் வியர்வையைத் தடுக்கக் கருவிமேல் அணியும் துணி உறைகளும் கிடைக்கின்றன.

நீர்த்தடுப்புத் தரக்குறியீடு

பல கருவிகளின் விவரத்தாளில் ஐ.பி.67, ஐ.பி.68 போன்ற குறியீடுகள் காணப்படும். இவை பன்னாட்டு மின்தொழினுட்ப ஆணையத்தின் 60529 ஆம் எண் தரநிலையைச் சேர்ந்தவை. முதல் இலக்கம் தூசிக்கு எதிரான தடுப்பையும், இரண்டாவது இலக்கம் நீருக்கு எதிரான தடுப்பையும் குறிக்கும். நீருக்கான இலக்கம் 7 எனில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கும் சோதனையைத் தாங்கியது என்று பொருள். 8 எனில் அதைவிடக் கடுமையான, உற்பத்தியாளர் குறிப்பிடும் நிலைமைகளில் தாங்கியது.

இச்சோதனை புதிய கருவியில், நன்னீரில் நடத்தப்படுவது. கடல்நீர், நீச்சல்குளத்துக் குளோரின், சோப்பு, வியர்வை ஆகியவற்றுக்கு அது உறுதி தருவதில்லை. ரப்பர் வளையங்களும் மேற்பூச்சும் தேயத் தேயத் தடுப்பாற்றலும் குறையும். எனவே உயர்ந்த குறியீடு உள்ள கருவியையும் குளிக்கும்போதும் நீந்தும்போதும் கழற்றுவதே வழக்கம். நீச்சலுக்கென்றே வடிவமைத்து, உற்பத்தியாளர் அனுமதித்த கருவிகள் இதற்கு விலக்கு. இரவு உலர்த்தல் எல்லாக் கருவிகளுக்கும் தேவை.

நனைந்துவிட்டால்

1. கருவியை உடனே அணைத்து, மின்கலத்தை வெளியே எடுக்க வேண்டும். நனைந்த துத்தநாக-காற்று மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தக்கூடாது.
2. மெதுவாக உதறி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.
3. கதவைத் திறந்தபடி உலர்த்தும் குப்பியில் குறைந்தது ஒரு நாள் முழுதும் வைக்க வேண்டும். இடையில் இயங்குகிறதா என்று போட்டுப் பார்க்கக்கூடாது; ஈரத்தில் மின்சாரம் பாய்வதே பாதிப்பைக் கூட்டும்.
4. பின்னும் ஒலி சரியில்லையென்றால் செவியியலாளரிடம் காட்ட வேண்டும். கடல்நீரிலோ சோப்பு நீரிலோ விழுந்திருந்தால், இயங்கினாலும் காட்டுவது நல்லது.

முடி உலர்த்தி, நுண்ணலை அடுப்பு, கடும் வெயில் ஆகியவற்றின் வெப்பம் நெகிழி உறையையும் மின்னணுப் பாகங்களையும் கெடுக்கும். மின்கலத்துடன் நுண்ணலை அடுப்பில் வைப்பது தீவிபத்தை உண்டாக்கும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் பழக்கமும் பரவலாக உள்ளது. அரிசி சிலிக்கா ஜெல்லைவிட மிகக் குறைவாகவே ஈரத்தை ஈர்க்கும்; அதன் மாவுத்தூள் ஒலிவாங்கியின் துளைகளையும் அடைத்துவிடும்.

குழந்தைகளின் பாதுகாப்பு

உலர்த்துவதற்காகக் கழற்றி வைத்த மின்கலம் சிறு குழந்தைகளின் கையில் கிடைக்கக்கூடாது. பொத்தான் வடிவ மின்கலத்தை விழுங்கினாலோ, மூக்கிலோ காதிலோ செருகிக்கொண்டாலோ உள்ளே புண் ஏற்படும். அத்தகைய நிலையில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தைகளின் கருவிகளில் பூட்டத்தக்க மின்கலக் கதவு இருப்பது இதனால்தான்.