மாணவர் குறும்படங்கள்: அனுமதிக்குப் பல வாசல், பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

புது தில்லி: தலைநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் திரைப்படக் கல்வி பயிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் தேர்வுப் படங்களுக்காகக் கேமராவுடன் வீதியில் இறங்குகின்றனர். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் 1982-ல் தொடங்கப்பட்ட மக்கள் தொடர்பு ஆராய்ச்சி மையத்துக்குப் பிறகு, தனியார் நிறுவனங்களும் பெருகிவிட்டன. பழைய தில்லியின் சந்துகள், மெஹ்ரோலியின் சிதைந்த கட்டடங்கள், யமுனைக் கரை ஆகியவை இவர்களை ஈர்க்கும் இடங்கள். ஆனால், கதைக்குப் பொருந்தும் இடமெல்லாம் படம் எடுக்கப் பாதுகாப்பான இடமாக இருப்பதில்லை. இதை முன்கூட்டியே அறிவதற்கான கள ஆய்வைத்தான் திரைத் துறையினர் "ரெக்கி" என்கின்றனர்.

நிலம் யாருடையது?

தில்லியில் முதல் சிக்கல் அரசியல் சாசனத்திலேயே தொடங்குகிறது. 1991-ம் ஆண்டின் 69-வது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 239ஏஏ பிரிவின்படி காவல், பொது ஒழுங்கு, நிலம் ஆகிய மூன்றும் தில்லி சட்டப்பேரவையின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை. எனவே ஒரே காட்சிக்கு மாநகராட்சி, தில்லி வளர்ச்சி ஆணையம், காவல் துறை எனப் பல வாசல்களைத் தட்ட வேண்டியுள்ளது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்றால் மத்திய தொல்லியல் துறையின் உரிமமும் தேவை.

இச் சிரமத்தைக் குறைக்க மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் 2015-ல் திரைப்பட வசதி அலுவலகத்தை ஏற்படுத்தியது. தில்லி அரசின் 2022-ம் ஆண்டு திரைப்படக் கொள்கையும் ஒற்றைச் சாளர முறையை அறிவித்தது. ஆயினும் இவை பெரும்பாலும் பெரிய தயாரிப்பாளர்களை மனதில் கொண்டவை. கட்டணமும் காத்திருப்பும் தாங்காத மாணவர்கள் அதிகாலையில் அனுமதியின்றிப் படமெடுத்துவிட்டு விலகுவதே எளிது என எண்ணுகின்றனர்.

ஆபத்து அங்குதான் தொடங்குகிறது. அனுமதி கேட்காதவருக்கு அந்த இடத்தைப் பற்றிய எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. அணை எப்போது திறக்கப்படும், தண்டவாளத்தில் எந்த நேரத்தில் சரக்கு ரயில் வரும், மாடியின் கைப்பிடிச் சுவர் உறுதியானதா என்பதெல்லாம் அந்த இடத்தை நிர்வகிப்பவருக்கே தெரியும்.

மறக்கக் கூடாத விபத்துகள்

2014 ஜூன் 8-ம் தேதி ஹிமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில் பியாஸ் நதிப் பாறைகளில் நின்று புகைப்படம் எடுத்துக் கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேர், லார்ஜி நீர்மின் திட்டத்திலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் அடித்துச் செல்லப்பட்டனர். அவர்கள் படப்பிடிப்புக்குச் சென்றவர்கள் அல்லர். ஆனால் நதியைப் பார்த்தவர்களுக்கு, மேலே இருந்த அணை கண்ணில் படவில்லை என்பதே இதன் பாடம்.

தொழில்முறைப் படங்களும் விதிவிலக்கல்ல. 2016 நவம்பரில் பெங்களூரு அருகே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் கன்னடப் படமொன்றுக்காக ஹெலிகாப்டரிலிருந்து உயிர்காப்பு அங்கியின்றிக் குதித்த நடிகர்கள் இருவர் மூழ்கி இறந்தனர். 2020 பிப்ரவரி 19-ல் சென்னை அருகே "இந்தியன் 2" படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூவர் உயிரிழந்தனர். அனுபவமும் பணமும் உள்ள இடங்களிலேயே இந்த நிலை என்றால், நால்வர் சேர்ந்து எடுக்கும் மாணவர் படத்தில் கவனம் எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எதை ஆராய வேண்டும்?

கள ஆய்வைப் படப்பிடிப்பு நடைபெறும் அதே நேரத்தில், அதே கிழமையில் செய்ய வேண்டும் என்பது அடிப்படை விதி. ஞாயிறு காலையில் அமைதியாகக் காணப்படும் சந்து, திங்கள் மாலையில் கைவண்டிகளால் நிரம்பியிருக்கும். வெளியேறும் வழி, அருகிலுள்ள மருத்துவமனை, செல்பேசித் தொடர்பு, கழிப்பறை, பெண் மாணவியர் இரவில் வீடு திரும்பும் வசதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் ஒவ்வோர் ஆபத்துக்கும் இரண்டு மதிப்பெண்கள்: நிகழும் வாய்ப்பு எவ்வளவு, நிகழ்ந்தால் பாதிப்பு எவ்வளவு? இரண்டையும் பெருக்கி வரும் எண் அதிகமாக இருந்தால் காட்சியை மாற்றுவதோ, இடத்தை மாற்றுவதோ முதல் தீர்வு. தலைக்கவசமும் முதலுதவிப் பெட்டியும் அதற்கு அடுத்தவையே.

சிறு விஷயங்களும் உயிருக்கு உலை வைக்கும். தலா 1,000 வாட் விளக்குகள் இரண்டை ஒன்றாக எரித்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்சாரம் தேவை. வீட்டின் 6 ஆம்பியர் இணைப்பு அதைத் தாங்காது. மூடிய அறையில் ஜெனரேட்டரை இயக்கினால் கார்பன் மோனாக்சைடு பரவும். முன்னறிவிப்பின்றிப் பொம்மைத் துப்பாக்கியுடன் வீதியில் ஓடினால் பொதுமக்களும் போலீஸாரும் அதை நடிப்பு என அறிய வழியில்லை.

யமுனையும் நம்பத்தக்கதல்ல. தில்லியில் அபாய அளவு 205.33 மீட்டர், 2023 ஜூலையில் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. ட்ரோன் பறக்கவிட நினைப்போர் 2021-ம் ஆண்டு விதிகளின் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களை அறிந்திருக்க வேண்டும். நாடாளுமன்றமும் குடியரசுத் தலைவர் மாளிகையும் அமைந்த பகுதி சிவப்பு மண்டலமாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ரயில் பாதையில் அத்துமீறி நுழைந்தால் 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 106-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். இயக்குநர் மாணவர் என்பதால் விலக்கு இல்லை.

ஆனால் பாதுகாப்பு என வரும்போது மாணவர்கள் தொழிலாளர்களாகக் கருதப்படுவதில்லை. 1981-ம் ஆண்டின் திரைப்படத் தொழிலாளர் சட்டமும், அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் ஊதியத்துக்கு உழைப்பவரையே கருத்தில் கொண்டவை. மதிப்பெண்ணுக்காக விளக்கு சுமக்கும் மாணவர் அதில் வருவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய பொறுப்பு கல்வி நிறுவனங்களுக்கும் அரசுக்கும் உண்டு. ஆபத்து மதிப்பீட்டில் ஆசிரியர் கையெழுத்திட்ட பிறகே கேமரா வழங்குவது, குழு முழுவதற்கும் விபத்துக் காப்பீடு எடுப்பது ஆகியவை கல்லூரிகளால் இயலாதவை அல்ல. ஒற்றைச் சாளரத்தில் மாணவர்களுக்கெனக் குறைந்த கட்டணமும் விரைவான பதிலும் கிடைத்தால், அவர்கள் ஒளிந்து படமெடுக்க வேண்டிய அவசியமும் குறையும்.