தன்னைத்தான் பேணும் பயிற்சியும் பெருங்குடற் புற்றுநோயாளரும்

பெருங்குடலிலும் நேர்குடலிலும் தோன்றும் புற்றுநோய் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஏறக்குறைய 19 இலட்சம் பேரைப் புதிதாகப் பற்றியது. 9 இலட்சம் பேர் வரையில் அதனால் மாண்டனர். எனினும் நோய் பரவுமுன் கண்டறியப்படின், சத்திரசிகிச்சையாலும் மருந்தாலும் பலர் பிழைக்கின்றனர். அங்ஙனம் பிழைத்து வீடு திரும்புவோர் நிலையே ஈண்டு ஆராயற்பாலது. வைத்தியசாலையில் வேளைதோறும் ஏவுவாரும் கண்காணிப்பாரும் இருந்தனர். வீட்டிலோ உண்பதும் நடப்பதும் உறங்குவதும் நோயாளர் கையிலேயே விடப்படுகின்றன. நன்றாக உண்ணுக, உடற்பயிற்சி செய்க என்னும் பொதுவுரையோடு ஒரு சிறு கைந்நூலைக் கொடுத்தனுப்புதல் பலவிடத்தும் வழக்கம்.

இவ்வழக்கம் போதுமா என்பதற்கு 2025இல் வெளியான ஓர் ஆய்வு விடை தந்தது. கனடாவும் அவுஸ்திரேலியாவும் தலைநின்று நடத்திய அவ்வாய்விற் சேர்ந்தோர் 889 பேர். யாவரும் பெருங்குடற் புற்றுக்குச் சத்திரசிகிச்சையும் அதன்பின் மருந்துச் சிகிச்சையும் பெற்றவர். ஒரு பகுதியார்க்கு நல்வாழ்வு பற்றிய நூல்கள் மட்டும் வழங்கப்பட்டன. மறுபகுதியார்க்கு அந்நூல்களோடு, மூன்றாண்டுக் காலம் பயிற்றுநர் துணையும் கிட்டியது. அவர்க்கு விதிக்கப்பட்ட உழைப்போ பெரிதன்று; வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் விரைந்து நடத்தலுக்கு ஒப்பானதே. எட்டாம் ஆண்டில் உயிரோடிருந்தோர் முதற்பகுதியில் நூற்றுக்கு 83.2, மறுபகுதியில் 90.3. நூற்றுக்கு ஏழுயிர் என்பது, புதிய மருந்தொன்றால் விளைந்திருப்பின் பெரிதும் கொண்டாடப்படும் பேறாகும். நேர்குடற் புற்றுநோயாளர் அதிற் சேர்க்கப்படாமையால், இம்முடிவை அவர்மேல் அப்படியே ஏற்றுதல் பொருந்தாது. நூலைக் கையிற் கொடுத்ததோடு கல்வி முடிந்ததெனக் கருதுவார் பள்ளிக்கூடங்களிலும் உளராதலின், இவ்வேறுபாடு ஆசிரியர் சிந்தனைக்கும் உரியது.

அறிந்ததைச் செய்தற்கு வேண்டுவது யாது? தன்னால் இயலும் என்னும் துணிபே என்பதை அல்பேட் பண்டூரா என்னும் உளநூலறிஞர் 1977இல் விளக்கினார். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துக் கேற் லொரிக் அம்மையார், முதலில் மூட்டுவாத நோயாளர்க்கும் பின்னர்ப் பிற நெடுநோயாளர்க்கும் வகுத்த பயிற்சி இத்துணிபை வளர்க்கும் நோக்குடையது. வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரமாக ஆறு வாரம் அது நிகழும். நடத்துவோருள் நோயுற்றுத் தேறிய பொதுமக்களும் உளர். ஒவ்வொருவரும் வரும் வாரத்திற் செய்ய விரும்பும் ஒன்றைத் தாமே தெரிந்து, யாது, எவ்வளவு, எப்பொழுது, எத்தனை நாள் என வரையறுப்பர். 'நிறைய நடப்பேன்' என்பது திட்டமாகாது. 'செவ்வாய், வியாழன், சனி மாலை ஐந்து மணிக்குப் பதினைந்து நிமிடம் நடப்பேன்' என்பதே திட்டம். அதை நிறைவேற்றும் உறுதி பத்துக்கு எத்தனை என்று கேட்பர். ஏழிற் குறையுமாயின் திட்டத்தைச் சுருக்குவர். அடுத்த வாரம் தவறி வந்தவர் கடியப்படார். தடை யாதென யாவருங் கூடி ஆராய்வர்.

குடற்புற்று நோயாளரின் தடைகளோ தனித்தன்மையுடையன. ஒக்சலிபிளாற்றின் என்னும் மருந்து பெற்ற பலர்க்குக் கைகால் விறைப்பு நெடுநாள் நீடிக்கும். பாதத்தில் உணர்ச்சி குன்றியவரை விரைந்து நடக்கச் சொல்லுதல் வீழ்ச்சிக்கு வழி; நிலையான சைக்கிளை மிதித்தல் அவர்க்குத் தகும். வயிற்றில் துவாரம் அமைத்து மலப்பை அணிந்தவரோ, அது கசியுமோ என அஞ்சி வீட்டிலேயே அடைந்து கிடப்பர். பையை எப்பொழுது மாற்றுவது, வெளியே செல்லுங்கால் எவற்றைக் கொண்டு செல்வது, பாரந் தூக்குங்கால் குடல் பிதுங்காது காப்பது எங்ஙனம் என்பனவற்றைக் கற்ற பின்னரே நடை பற்றிய பேச்சுக்கு இடமுண்டு. நார்ப்பொருள் மிக்க தவிட்டரிசியும் கீரையும் பொதுவில் நல்லனவேனும், சத்திரசிகிச்சைக்குப் பின் சில வாரம் அவற்றைக் குறைக்குமாறு வைத்தியர் கூறுதலுண்டு. பின்னர்ச் சிறிது சிறிதாகக் கூட்டித் தம் குடல் தாங்கும் அளவை நோயாளரே குறித்து வைத்து அறிதல் வேண்டும்.

வைத்தியசாலைக்குத் தொலைவில் வாழ்வோர்க்கும் வழியுண்டு. அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்தில் இந்நோயினின்று மீண்டோர் 410 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2013இல் வெளியாயிற்று. பாதிப்பேர்க்கு ஆறு மாதத்தில் 11 முறை தொலைபேசி வழியே பயிற்சி தரப்பட்டது. ஓராண்டு முடிவில் அவர் ஏனையோரினும் மிகுதியாக உடலை உழைப்பித்தனர். உடற்பருமனும் சிறிது குறைந்திருந்தது. ஆயினும் களைப்பு பெரிதும் நீங்கிற்றில்லை. அதற்கு வேறு பரிகாரமும், கேட்பதற்குப் பொறுமையுடைய வைத்தியரும் வேண்டும்.