'டேக்' படுத்தும் பாடு!

டி, ஏ, கே, இ. நாலே எழுத்துதான். ஒண்ணாங் கிளாஸ் குழந்தைகூட எழுத்துக் கூட்டி வாசித்துவிடும். 'டேக்' என்றால் எடு, அவ்வளவுதானே என்று தோன்றும். பெரிய அகராதியைப் பிரித்துப் பாருங்கள், அனுமார் வால் மாதிரி பக்கம் பக்கமாக நீளும்!

நம்ம 'எடு' மட்டும் லேசுப்பட்டதா? பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது, பேன் எடுக்கிறோம், பிள்ளை மார்க் எடுக்கிறான். தீபாவளிக்குப் புடவைகூட எடுக்கிறோம். இந்தக் கடைசி 'எடு'வை என் பெண் அப்படியே 'டேக்' ஆக்கி, "கடைக்குப் போய்ப் பட்டுப் பாவாடை எடுத்தோம்" என்று இங்கிலீஷ் கட்டுரை நோட்டில் எழுதியிருந்தாள். வெள்ளைக்காரர் படித்தால், காசு கொடுத்தாங்களா, சும்மா தூக்கிட்டு வந்துட்டாங்களா என்றுதான் யோசிப்பார்!

அதையெல்லாம் திருத்த டீச்சர் இருக்கிறார். மருந்து அட்டையில் வருகிற 'டேக்'கை நாம்தான் கவனித்தாக வேண்டும். அங்கே அதற்கு அர்த்தம், வாய் வழியாக உள்ளே போவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் விஷ மருந்துகளை நீலத்திலும் பச்சையிலும், வரி வரியாக மேடு வைத்த பாட்டில்களில் விற்றார்கள். இருட்டில் தடவினாலும் கை கண்டுபிடித்துவிடும். அந்தக் கண்ணாடியிலேயே 'நாட் டு பி டேக்கன்' என்று எழுத்து புடைத்து நிற்கும். எடுக்காதே என்றா அர்த்தம்? குடிக்காதே என்று அர்த்தம்.

நம் நாட்டிலும் 1945-ல் வந்த மருந்து விதிகளில் 'ஜி' அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் சேர்ந்த மருந்துகளின் அட்டையில், டாக்டர் மேற்பார்வை இல்லாமல் இதை 'டேக்' பண்ணுவது ஆபத்து என்று இங்கிலீஷில் எச்சரிக்கை போட்டிருக்கும். சர்க்கரைக்கான சில மாத்திரைகள்கூட அதில் அடக்கம். "எனக்குக் கேட்டுது, நீயும் ஒண்ணு போட்டுக்கோ" என்று அக்கம்பக்கத்தில் தானம் செய்பவர்கள் அந்த வரியைக் கொஞ்சம் படிக்கட்டும்.

தமிழிலும் ஒரு வம்பு இருக்கிறது. மாத்திரை போடு என்றால் விழுங்கு. புண்ணுக்கு மருந்து போடு என்றால் தடவு. காதுக்குப் போடு என்றால் சொட்டு விடு. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வெளியே கிளம்பும்போது, "எட்டு மணிக்கு மருந்து போட்டுடுங்கம்மா" என்று நான் சொல்லவே மாட்டேன். "இது குடிக்க, இந்த மூடியில் இந்தக் கோடு வரைக்கும். அது உடம்பில் தடவ மட்டும்" என்று பாட்டிலைக் காட்டிச் சொல்வேன். இருமல் மருந்தும் தடவுகிற லோஷனும் ஒரே தட்டில் நிற்கவும் விடமாட்டேன். சமையலறை ஸ்பூனை நம்புவதும் இல்லை. மருந்துக்கு ஒரு டீஸ்பூன் என்றால் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் என்றால் 15 மில்லி. பச்சைக் குழந்தைக்கு அந்த வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல.

'டேக் ஆன் அன் எம்ப்டி ஸ்டமக்' என்றிருந்தால் வெறும் வயிற்றில். பொதுவாக, சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்பு அல்லது சாப்பிட்டு இரண்டு மணி கழித்து. "காபி மட்டும்தான் குடிச்சேன்" என்பது வெறும் வயிறு ஆகாது, சகோதரிகளே! முக்கியமாக, கர்ப்பிணிகள் இரும்புச் சத்து மாத்திரையைக் காபி, டீ, பாலோடு விழுங்கினால் சத்து சரியாக உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோடு விழுங்கினால் நன்றாகச் சேரும்.

'டேக் ஆஃப்டர் ஃபுட்' என்றால் சாப்பிட்ட பிறகு. அதே 'டேக் ஆஃப்டர்' பக்கத்து வீட்டு மாமி வாயில் வந்தால், "குழந்தை அப்படியே அப்பாவை உரிச்சு வச்சிருக்கு!" டெம்பரேச்சர் 'டேக்' பண்ணுவது நமக்குக் காய்ச்சல் பார்ப்பது. அக்குளில் வைத்துப் பார்த்தால் வாயில் வைப்பதைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும், ஞாபகம் இருக்கட்டும்.

இத்தனை வேலை செய்கிற இந்தச் சொல் இங்கிலீஷின் பிறந்த வீட்டுச் சொத்தே இல்லை, தெரியுமோ? கடல் தாண்டி வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகள் கொண்டுவந்த 'டாகா'தான் 'டேக்' ஆயிற்று. அதற்கு முன் அங்கே எடுப்பதற்கு 'நிமன்' என்று ஒரு சொல் இருந்தது. வந்தவள் வீட்டுக்காரி ஆகிவிட்டாள். இருந்தவள் மூலைக்குப் போய்விட்டாள். ஆனால் அடியோடு போய்விடவில்லை. கை மரத்துப் போனால் 'நம்' என்கிறார்களே, அது பழைய 'நிமன்' விட்டுப் போன பிள்ளைதான். உணர்ச்சி 'எடுக்கப்பட்டுவிட்டது' என்று அர்த்தம்.

தையல்காரரிடம் 'டேக் இன்' என்றால் ரவிக்கையைப் பிடித்துத் தைப்பது. அதே 'டேக் இன்'னுக்கு இன்னொரு அர்த்தம், ஒருத்தரை ஏமாற்றுவது. சாயம் போகாது என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த துணி முதல் தண்ணியிலேயே பக்கெட்டைச் சிவப்பாக்கினால், ரவிக்கை தைப்பதற்கு முன்பே 'டேக் இன்' ஆகிவிட்டோம்!