முக்திநாத்துக்கு இந்த ஆண்டு போகலாமா?

உத்திரமேரூர் வட்டாரத்தில் நடுத்தரக் குடும்பம் ஒன்று தொலைதூரப் பயணத்துக்குத் திட்டமிடும்போது, அது பெரும்பாலும் சுற்றுலாவாகவும் யாத்திரையாகவும் ஒருசேர அமைந்துவிடுகிறது. ஆழ்வார்களால் பாடப்பெற்ற 108 திருத்தலங்களைத் திவ்ய தேசங்கள் என்று வைணவ மரபு குறிக்கிறது. அவற்றுள் 106 மட்டுமே மண்ணுலகில் உள்ளவை. அவற்றிலும் பதினான்கு, சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சி நகரிலேயே அமைந்திருப்பதால், பேருந்தில் ஒரே நாளில் பலவற்றைச் சேவித்துத் திரும்பும் வழக்கம் இப்பகுதியினருக்கு உண்டு. அப்படிப் பக்கத்தில் தொடங்கிச் சோழநாடு, பாண்டிநாடு, மலைநாடு என்று சேவித்துக்கொண்டே போகிறவர்களுக்கு எஞ்சி நிற்பவை வடநாட்டுத் தலங்கள். அவற்றிலும் கடைசியாக எஞ்சுவது, பாசுரங்கள் சாளக்கிராமம் என்று போற்றும் தலமாகக் கருதப்பட்டு, இன்று நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில் முக்திநாத் என்ற பெயரில் வழங்கும் கோயில். பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்த பிறகு, அறுபது வயதைக் கடந்த நிலையில்தான் பலர் இந்தப் பயணத்தை எண்ணிப் பார்க்கிறார்கள் என்பதை முதலிலேயே நினைவில் கொள்ள வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் அபாயக் கணக்கு முழுவதும் அந்த வயதோடு பிணைந்தது.

2025 செப்டம்பரில் நேபாளத்தில் நடந்தவை இந்தக் கனவுப் பயணத்தின் மேல் ஒரு கேள்விக்குறியைப் போட்டன. சமூக ஊடகத் தளங்கள் இருபத்தாறுக்கு அந்நாட்டு அரசு விதித்த தடையும், ஆட்சியாளர்களின் ஊழல் மீது இளைஞர்களுக்கு நெடுநாளாக இருந்த சினமும் சேர்ந்து, செப்டம்பர் 8 அன்று தலைநகர் காத்மாண்டுவில் பெரும் போராட்டமாக வெடித்தன. முதல் நாள் துப்பாக்கிச் சூட்டிலேயே 19 பேர் உயிரிழந்தனர். மறுநாள் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. திரிபுவன் பன்னாட்டு விமான நிலையம் மூடப்பட்டு, அதற்கு மறுநாள் மாலைதான் திறக்கப்பட்டது. கலவரத்தில் இறந்தோர் தொகை எழுபதைத் தாண்டியது. நிலைமை சீராகும் வரை நேபாளப் பயணத்தைத் தள்ளிவைக்குமாறு இந்திய வெளியுறவு அமைச்சகம் அறிவுறுத்தியது. செப்டம்பர் 12 அன்று முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமராகப் பொறுப்பேற்றார்.

இத்தகைய செய்தியைத் தொலைக்காட்சியில் காணும் ஒருவர் அந்த நாடு முழுவதும் எரிவதாகவே நினைப்பது இயல்பு. அரசியல் கொந்தளிப்புக்கு உள்ள தன்மை அதுவன்று: அது திடீரென்று வரும், தலைநகரங்களிலும் பெருநகரங்களிலும் அரசு அலுவலகங்களைச் சுற்றியே பெரும்பாலும் மூளும், சில நாட்களில் அடங்கியும் விடும். காத்மாண்டு எரிந்த நாட்களில், அங்கிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில் மலைகளுக்குள் இருக்கும் முக்திநாத் அந்தக் கலவரத்தின் களமாக இருக்கவில்லை. ஆனால் முக்திநாத்துக்குப் போகிறவர்கள் தங்கிச் செல்லும் போக்ரா நகரில் விடுதிகள் தாக்கப்பட்டன. ஆகவே, ‘அந்த நாடு ஆபத்தானதா’ என்று கேட்பதைக் காட்டிலும், போகும் வழியில் எந்த ஊரில் எத்தனை இரவு தங்க நேரும், அந்த ஊரிலிருந்து வெளியேற எத்தனை வழிகள் உண்டு என்று கேட்பதே பயனுள்ளது. காத்மாண்டுவுக்கு விமானத்தில் போனவருக்கு விமான நிலையம் மூடியதும் வழி அடைபட்டது. கோரக்பூர் வரை ரயிலில் போய், சுனௌலி எல்லையைச் சாலை வழியாகக் கடப்பவருக்கு, ஊரடங்கு தளரும்போது அதே சாலையில் திரும்பும் வாய்ப்பாவது இருந்தது.

ஒரு மாநிலத்தையோ நாட்டையோ மொத்தமாக ஆபத்துப் பகுதி என்று முத்திரை குத்துவது எப்படிப்பட்டது என்பதைத் தமிழர்கள் தங்கள் அனுபவத்திலேயே அறிவார்கள். 2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்திருந்த இலங்கை யாத்திரிகர்களுக்கு இங்கே எதிர்ப்புக் கிளம்பி, அவர்கள் சென்ற பேருந்துகள் திருச்சி அருகே தாக்கப்பட்டன. அதையடுத்து, தமிழ்நாட்டுக்குச் செல்வதைத் தவிர்க்குமாறு இலங்கை வெளியுறவு அமைச்சு தன் குடிமக்களை எச்சரித்தது. அந்த வாரத்தில் உத்திரமேரூரிலோ மாமல்லபுரத்திலோ வாழ்ந்த எவரும் தம்மை ஆபத்தான நிலத்தில் வாழ்பவராக உணர்ந்திருக்க மாட்டார். அதே சமயம், அந்தப் பேருந்துகளில் இருந்த பெண்களும் குழந்தைகளும் அடைந்த அச்சம் முற்றிலும் மெய்யானது. யாரைக் குறிவைத்து வெறுப்பு மூள்கிறதோ அவருக்கு மட்டும் ஒரு நிலம் ஆபத்தாக மாறும் என்பதை அந்த நிகழ்ச்சி காட்டியது.

அபாயம் என்ற சொல்லை அறிஞர்கள் மூன்று கூறுகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள்: ஒரு தீங்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு, நேர்ந்தால் அதன் விளைவு எவ்வளவு கடுமையானது, அதில் சிக்கக்கூடியவர் எவ்வளவு தாங்குவார். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், முக்திநாத் போகும் முதியவருக்குக் கலவரத்தைவிடப் பெரிய எதிரி மலைதான் என்பது தெளிவாகும். போக்ரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரி நகரம். அங்கிருந்து ஜோம்சோம் ஏறத்தாழ 2,700 மீட்டர். முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேல். அன்னபூர்ணா, தௌலகிரி என்னும் எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய இரு மலைத்தொகுதிகளுக்கு இடையே காளி கண்டகி ஆறு அறுத்துச் செல்லும் ஆழமான பள்ளத்தாக்கு வழியாகவே இந்த ஏற்றம் அமைகிறது. சாளக்கிராமக் கற்கள் கிடைப்பதும் இந்த ஆற்றில்தான். வெயில் ஏற ஏற மேட்டு நிலம் சூடாகி, கீழிருந்து காற்றை உறிஞ்சி இழுப்பதால், முற்பகல் கடந்ததும் பள்ளத்தாக்கில் பலத்த காற்று வீசத் தொடங்கும். அதனால்தான் போக்ராவுக்கும் ஜோம்சோமுக்கும் இடையே சிறு விமானங்கள் காலை நேரத்தில் மட்டுமே பறக்கின்றன. ஒரு காலைப் பொழுது மேகமூட்டமாகப் போனால் அன்றைய பயணம் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 2022 மே 29 அன்று போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குப் புறப்பட்ட சிறு விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 22 பேரும் இறந்தனர். அவர்களுள் நால்வர் இந்தியர். சாலை வழியாக ஜீப்பில் போவதும் உண்டு. ஆனால் மழைக்காலத்தில் மண்சரிவு அந்தச் சாலையை அடிக்கடி மறிக்கும்.

இவற்றுக்கு மேல், உயர நோய் என்ற ஒன்று இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளச் சில நாட்கள் தேவைப்படும்போது, போக்ராவிலிருந்து ஒரே நாளில் ஏறிவிடுகிறவருக்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை தோன்றலாம். அவற்றைப் பயணக் களைப்பு என்று எண்ணி மேலும் ஏறினால், நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்குவதும், நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் கால் தள்ளாடுவதும் அந்தக் கட்டத்தின் அடையாளங்கள். அப்போது உடனடியாகக் கீழே இறங்குவதே முதன்மையான சிகிச்சை. மாத்திரையோ ஆக்சிஜன் உருளையோ அதற்குத் துணை மட்டுமே. கோயிலின் பின்புறச் சுவரில் வரிசையாக அமைந்த 108 நீர்த்தாரைகளில் ஒவ்வொன்றாகத் தலையை நனைத்து, முன்னுள்ள இரு குளங்களிலும் முழுகி எழுவது இங்கே மரபு. பனி உருகிய அந்த நீரின் குளிர்ச்சி, இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவருக்குத் தாங்கக்கூடியதன்று. தாரைகளில் கைவிட்டு நீரைத் தலையில் புரோட்சித்துக்கொண்டாலே போதும் என்று குழுவை நடத்திச் செல்பவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், மற்றவர் முழுகுகிறாரே என்ற கூச்சத்தில் எந்த முதியவரும் அதில் இறங்க மாட்டார்.

மக்கள் பயப்படும் பொருளும் மக்களைக் கொல்லும் பொருளும் வேறுவேறாக இருப்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. தேனி மாவட்டத்தை எவரும் ஆபத்தான சுற்றுலாத் தலம் என்று சொன்னதில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, கொழுக்குமலைப் பக்கம் மலையேற்றம் போயிருந்த இளைஞர் குழுவைச் சூழ்ந்து 23 உயிர்களைப் பறித்தது. அவர்களில் பலர் இளம்பெண்கள். கோடையின் தொடக்கத்தில் காய்ந்த புல் எப்படி எரியும் என்பதை அறிந்த ஒருவர் உரிய அதிகாரத்தோடு வழியை மறித்திருந்தால் அந்தக் குழு ஏறியிருக்காது. இப்போது வனத்துறை வகுத்த பாதைகளில் அனுமதியோடும் வழிகாட்டியோடும் மட்டுமே போகலாம், தீப்பருவத்தில் பாதைகள் மூடப்படும் என்ற ஒழுங்கு வந்திருப்பது அந்த இழப்புக்குப் பிறகுதான். பருவம் என்ற ஒன்றைக் கணக்கில் எடுக்காத பயணத் திட்டம் எவ்வளவு அமைதியான ஊருக்குப் போவதாக இருந்தாலும் பிழையானதே.

ஆயினும், வன்முறையின் ஆபத்தைச் சிறிதென்று ஒதுக்கிவிட 2025 ஏப்ரல் 22 இடம் தரவில்லை. காஷ்மீரில் பஹல்காம் அருகே, வண்டிச் சாலை இல்லாத பைசரன் புல்வெளியில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுள் 25 பேர் சுற்றுலாப் பயணிகள். ஒருவர் அங்கே மட்டக்குதிரை ஓட்டிப் பிழைத்த உள்ளூர் இளைஞர். குதிரையிலோ நடந்தோ மட்டுமே போகக்கூடிய இடமாதலால் உதவியும் அதே வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. அதன்பின் காஷ்மீரின் 87 சுற்றுலா இடங்களுள் 48 மூடப்பட்டன. ஆண்டுதோறும் பல லட்சம் பேர் போய் நலமாகத் திரும்புகிறார்கள் என்ற கணக்கு, வாய்ப்பு குறைவு என்பதை மட்டுமே சொல்லும். கணவனை இழந்து திரும்பிய பெண்ணுக்கு அந்தக் கணக்கால் ஆறுதல் இல்லை. இத்தகைய இடத்துக்குச் சிறு குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்வதை, குறைந்தது அரசின் பயண அறிவுறுத்தல் நீங்கும் வரையிலாவது, தவிர்ப்பதே முறை.

மறுபக்கத்தில், பயணிகள் வராததாலேயே பட்டினி கிடக்கும் ஊர்களும் உண்டு. இலங்கைக்கு 2018-இல் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த குண்டுவெடிப்புகளும் பெருந்தொற்றும் அடுத்தடுத்து வந்ததில், 2021-இல் அந்த எண்ணிக்கை இரண்டு லட்சத்துக்கும் கீழே விழுந்தது. 2022-இன் எரிபொருள் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2024-இல்தான் மீண்டும் 20 லட்சத்தைக் கடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வேலையிழந்த ஓட்டுநரும் சமையற்காரரும் குண்டு வைத்தவர்களோ பொருளாதாரத்தைச் சீரழித்தவர்களோ அல்லர். நெருக்கடி தணிந்தவுடன் அங்கே போன முதற்பயணிகள், உள்ளூர்க்காரரின் விடுதியில் தங்கி உள்ளூர்க் கடையில் உண்டிருந்தால், எந்த நன்கொடையையும்விட நேராக ஓர் அடுப்பை எரியச் செய்திருப்பார்கள். நெருக்கடி உச்சத்தில் இருக்கும்போது போவது வேறு. எரிபொருளும் மருந்தும் அரிதான ஊரில் விருந்தினராகப் போய் நிற்பவர் அந்த ஊராரின் பங்கிலிருந்தே எடுத்துக்கொள்கிறார். மீட்புப் பணியிலும் இதே நிலைதான். 2024 செப்டம்பரில் ஆதி கைலாஷ் யாத்திரை போன சிதம்பரம் பகுதியினர் 30 பேர் உத்தராகண்ட் மலைகளில் மண்சரிவால் சிக்கியபோது, ஹெலிகாப்டர்களை அனுப்பித்தான் அவர்களைக் கீழே கொண்டுவர முடிந்தது. அந்த ஹெலிகாப்டர்களை ஓட்டியவர்களும் அதே மலையில் அதே வானிலையில் பறந்தவர்கள்தாம்.

இனி, சிற்றூர்களில் இந்தப் பயணங்கள் உருவாகும் விதம். பெரும்பாலானோர் தாமாகத் திட்டமிடுவதில்லை. ஊரறிந்த டூர் ஏஜெண்ட் ஒருவர் ஆள் சேர்க்க, ஆளுக்கு இவ்வளவு என்று அட்வான்ஸ் கட்டிச் சேர்கிறார்கள். வழி, பருவம், தங்குமிடம் ஆகிய எல்லாவற்றையும் முடிவு செய்பவர் அந்த ஒருவரே. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரும் அவருடைய உறவினர் பெயரும் குடவோலைத் தேர்வில் இடம்பெறக் கூடாது என்று விதிக்கின்றன. பிறர் நலனைப் பொறுப்பேற்பவரிடம் கணக்குக் கேட்பது இந்த ஊருக்குப் புதிதன்று. ஏஜெண்டிடம் கேட்க வேண்டியவையும் கணக்குகள்தாம்: போக்ராவிலோ ஜோம்சோமிலோ எத்தனை இரவு தங்க வைப்பார், வானிலை கெட்டால் காத்திருக்க உபரி நாள் உண்டா, குழுவில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் வந்தால் அவரோடு கீழே இறங்குவது யார், ஒவ்வொருவரிடமும் கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ இருக்கிறதா. பயணக் காப்பீடு எடுத்திருப்பதாக அவர் சொன்னால், ஒப்பந்தத்தின் விலக்குகள் பகுதியைப் படித்துப் பார்க்க வேண்டும். போர், உள்நாட்டுக் கலவரம், குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட பயணம், முன்பே இருந்த நோய் ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். அரசு போக வேண்டாம் என்று அறிவித்த பிறகு போனால் காப்பீடே செல்லாது என்ற விதியும் சிலவற்றில் உண்டு.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரை ஆபத்தை நோக்கித் தள்ளுவது துணிச்சலோ பக்தியோ அன்று; கட்டிய பணம் திரும்பாது என்ற கவலைதான். கலவரச் செய்தி வந்த நாளில் புறப்பட வேண்டிய குழுவில், மகன் வேண்டாம் என்று சொல்லியும், அட்வான்ஸ் போய்விடுமே என்பதற்காகப் பெட்டியைக் கட்டும் பெற்றோர் இருப்பார்கள். வெளியுறவு அமைச்சகமோ மாநில அரசோ பயணத்தைத் தள்ளிவைக்கச் சொன்னால், கட்டிய தொகை முழுவதும் அடுத்த பருவத்துக்கு வரவு வைக்கப்படும் என்று ரசீதிலேயே ஒரு வரி இருந்தால், அந்தப் பெற்றோரின் முடிவு மாறிவிடும். ரயில்வேக்கும் விமான நிறுவனத்துக்கும் கட்டிய பணத்தில் ஒரு பகுதி ஏஜெண்டுக்குத் திரும்பாது என்பது உண்மைதான். அந்தப் பகுதி எவ்வளவு, அதை யார் ஏற்பது என்பதைச் சென்னையிலிருந்து ரயில் புறப்படும் நாளில் பேசக்கூடாது. முதல் தவணை வாங்கும் நாளிலேயே பேசி, தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.