கோழி இறகில் மீன் தூண்டில்

போன வாரம் பாரிவாக்கம் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "கோழி இறகைக் கட்டியே ஊட்டியில் மீன் பிடிக்கிறாங்களாமே, நிஜமா ஐயா?" நிஜம்தான்.

அந்த மீன் டிரவுட். குளிர்ந்த ஓடைத் தண்ணீரில்தான் வாழும். நம் ஏரியின் சூடு அதற்கு ஆகாது. 1863-லேயே பிரான்சிஸ் டே என்பவர் நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்த பிறகுதான் நிலைத்தது.

டிரவுட், தண்ணீருக்குள் மிதந்து வரும் பூச்சிகளைத் தின்னும். இறகைச் சுற்றிய முள்ளைப் பூச்சி என்று நம்பிக் கவ்விவிடும். இதற்குப் பெட்டைக்கோழியின் கழுத்து இறகுதான் சரி. சேவல் இறகு விறைப்பு. பெட்டை இறகுதான் தண்ணீரில் பூச்சிக்கால் போல அசையும்.

நான் முதலில் கட்டியது ஒரே மீனில் பிரிந்துவிட்டது. காரணம், மீனின் பல் இறகுத்தண்டை ஓரிடத்தில் அறுத்தால் போதும், மொத்தச் சுற்றும் அவிழ்ந்துவிடும். அதற்கு வழி இருக்கிறது.

12-ம் நம்பர் முள்ளின் தண்டில், வளையம் தொடங்கி வளைவு வரை மெல்லிய பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றித் திரும்பி வாருங்கள். அதுவே பூச்சியின் உடம்பு. இறகின் அடியிலுள்ள பஞ்சை உருவிவிட்டு, அடித்தண்டை வளையத்துக்குப் பக்கத்தில் கட்டுங்கள். நூலைக் கொஞ்சம் பின்னே கொண்டுபோய் நிறுத்துங்கள். இப்போது இறகை முன்னிருந்து பின்னோக்கி இரண்டே சுற்று. மூன்றாவது வேண்டாம், அடர்ந்தால் அசையாது. நுனியை நூலால் இறுக்கி மிச்சத்தை நறுக்குங்கள். பிறகு அதே நூலை, தூவிகளை நசுக்காமல் இப்படியும் அப்படியும் அசைத்து, இறகுத்தண்டின் மேலாகவே முன்னால் கொண்டுவாருங்கள். சூட்சுமமே இதில்தான். தண்டை நூல் பல இடத்தில் குறுக்கே பிடித்திருப்பதால் ஓரிடம் அறுந்தாலும் மற்றது நிற்கும். முன்னால் முடிச்சுப் போட்டு, அதன்மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். வளையத் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து ஜிலேபிக் கெண்டையும் இதைக் கவ்வும். சின்ன முள்ளாக எடுத்துக் கட்டிப் பாருங்கள். நீலகிரிக்குப் போனால் மீன்வளத்துறையின் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் தூண்டில் போட வேண்டும்.

ஒரு காலத்தில் நம் காட்டுக்கோழியின் கழுத்து இறகு இதற்காகவே கப்பலேறிச் சீமைக்குப் போனது. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி காட்டுக்கோழியைப் பிடிப்பது குற்றம். யாராவது அந்த இறகுக்கு விலை பேசினால் ஒதுங்கிவிடுங்கள். வீட்டுக் கோழியை உரிக்கும்போது குப்பைக்குப் போகிற இறகே போதும். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, டப்பாவில் இரண்டு பாச்சை உருண்டையோடு மூடிவையுங்கள்.