சுராங்கனி பாட்டு வந்த வழி



கல்யாண வீட்டிலோ திருவிழாப் பந்தலிலோ ஒருவர் ‘சுராங்கனி’ பாட்டைத் தொடங்கிவிட்டால் போதும், பாட்டி முதல் பேரன் வரை கைதட்டாதவர் இல்லை. ஆனால் அதன் பல்லவி தமிழ் அல்ல, சிங்களம். சுராங்கனி ஒரு பெண்ணின் பெயர். உனக்காகக் கடலிலிருந்து இப்போதுதான் மீன் கொண்டுவந்தேன் என்று அவளைக் கூப்பிடுகிறான் ஒருவன். விஷயம் அவ்வளவுதான்.

1960களில் உலகமெங்கும் பீட்டில்ஸ் பாட்டு ஓடியது. அப்போது இலங்கையில் நித்தி கனகரத்தினம் போன்ற தமிழ் இளைஞர்கள் கிதாரை எடுத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே ‘சின்ன மாமியே’ போன்ற துள்ளல் பாட்டுகளைப் பாடினார்கள். பொப் பாடல் என்று அதற்குப் பெயர். அந்த வரிசையில் வந்தவர்தான் ஏ. ஈ. மனோகரன், அதாவது நாம் அறிந்த சிலோன் மனோகர். சுராங்கனியை ஊர் ஊராகப் பரப்பியது அவர் குரல்.

1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதே மெட்டைப் பயன்படுத்தினார். பாடியவர் யார் தெரியுமா? மலேசியா வாசுதேவன்! இந்நாட்டில் பிறந்து, இங்கே நாடக மேடைகளில் பாடிவிட்டுச் சென்னைக்குப் போனவர். படம் வந்த பிறகு பலர் இதைச் சினிமாப் பாட்டு என்றே எண்ணிக்கொண்டார்கள். மனோகரனுக்கு அது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

1983இல் இலங்கையில் இனக் கலவரம் மூண்டது. தமிழர்கள் உயிரையும் வீட்டையும் இழந்தார்கள். அதற்குப் பின்னரும் இந்தச் சிங்களப் பல்லவியைத் தமிழர்கள் தங்கள் வீட்டு விசேஷங்களிலிருந்து விலக்கவில்லை. மனோகரன் சென்னையில் வாழ்ந்து 2018இல் மறைந்தார்.

சரி, கால் தானாக ஆடுகிறதே, அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது? அதற்கு பைலா என்று பெயர். போர்த்துக்கீசிய மொழியில் ஆடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1505இல் போர்த்துக்கீசியர் இலங்கையில் கால் வைத்தார்கள். அவர்களோடும், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கரோடும் வந்த ஆட்டம் அங்கேயே தங்கிவிட்டது. 1940களில் வாலி பஸ்தியான் என்ற போலீஸ்காரர் அதைச் சிங்களப் பாட்டாக்கிப் புகழ்பெற்றார்.

தாளத்தை நீங்களே தட்டிப் பார்க்கலாம். ஒன்று முதல் ஆறு வரை வேகமாக எண்ணுங்கள். ஒன்றிலும் நான்கிலும் கைதட்டுங்கள். கும்மி கொட்டிய கைகளுக்கு இது புதிதல்ல, திசிர நடைதான்.

அதே போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவையும் பிடித்தார்கள். புக்கிட் பெருவாங்கிலிருந்து பட்டணத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் ஊஜோங் பாசிர். அங்கே அவர்கள் வழிவந்த குடும்பங்கள் இன்றும் ‘ஜிங்க்லி நோனா’ பாடி, பிராஞ்ஞோ ஆடுகிறார்கள். மட்டக்களப்பில் பறங்கியர் பாடிவந்த நோனா பாட்டு இதற்கு உடன்பிறப்பு. மலாய்க்காரரின் ஜோகெட்டும் இந்த உறவுதான்.

ஜூன் மாதக் கடைசியில் ஊஜோங் பாசிரில் மீனவர்களின் சான் பெட்ரோ திருவிழா நடக்கும். போகிறவர்கள், அந்தப் பாட்டு எழுந்ததும் சுராங்கனிக்குத் தட்டுவது போலவே தட்டிப் பாருங்கள். கை தடுமாறாது.